கடிகாரமா, குழந்தையின் குறிப்பா: பாலூட்டும் இரு முறைகள்

பிறந்த குழந்தைக்கு எப்போது பால் கொடுப்பது என்பதில் இரண்டு வழிகள் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன. மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வகுத்துக்கொண்டு, பக்கத்துக்கு இத்தனை நிமிடம் என அளந்து கொடுப்பது ஒன்று. குழந்தை பசிக்குறி காட்டும்போதெல்லாம் கொடுத்து, அது தானாக வாயை எடுக்கும்போது நிறுத்துவது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் முதல் முறையை ஓர் ஒழுக்கப் பயிற்சியாகவே பரப்பினார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் தாய்ப்பாலூட்டல் வெற்றிபெற 1989இல் வகுத்த பத்துப் படிகள் இரண்டாவதன் பக்கம் நின்றன. 2018 திருத்தத்தில், எப்போது ஊட்டுவது என்பதைப் பேசும் படி, பசிக்குறிகளை அறிந்து அதற்கேற்பப் பாலூட்டத் தாய்க்கு உதவ வேண்டும் என்று தெளிவாக்கப்பட்டது.

பால் சுரக்கும் விதத்தைப் பார்த்தாலே குறிப்பறிந்து ஊட்டும் முறையின் பலம் புரியும். மார்பகம் நிறைந்து நிற்கும்போது சுரப்பு தளர்கிறது; குழந்தை குடித்துக் குறைக்கக் குறைக்க வேகம் கூடுகிறது. ஒரு வேளையில் தேங்கும் பாலின் அளவும் தாய்க்குத் தாய் மாறுபடுவதால், ஒருவருக்கு நான்கு மணி இடைவெளி ஒத்துப்போகலாம், இன்னொருவருக்கு அதே இடைவெளியில் பால் கட்டிக்கொண்டு சுரப்பு படிப்படியாக வற்றலாம். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரக்கிறது என்பதால், இரவுப் பாலைத் தள்ளிப்போடச் சொல்லும் அட்டவணை தொடக்க வாரங்களில் தாய்க்கு எதிராகவே வேலை செய்கிறது. பிறகு பால் போதவில்லை என்று புட்டிப்பால் வரும். குழந்தை மார்பில் குடிப்பது மேலும் குறையும்.

அட்டவணைக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. எப்போது தூங்கலாம், யார் எப்போது உதவலாம் என்பது முன்கூட்டியே தெரிவது களைத்துப்போன தாய்க்குச் சிறிய ஆறுதலன்று. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மஞ்சள் காமாலையால் அசந்து தூங்கும் குழந்தை ஆகியவை பசித்தாலும் அறிகுறி காட்டாமல் போகலாம். அழவில்லையே, தூங்கட்டும் என்று விடுவது அங்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தைக்கும் இதே கவனம் தேவை.

நிறைமாத, நலமான குழந்தைக்கு என் தேர்வு ஐயமின்றிக் குறிப்பறிந்து ஊட்டுவதே. ஆனால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது உதவியாகாது. மூடிய இமைக்குள் கண் அசைவது, நாக்கை நீட்டுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பி மார்பைத் தேடுவது ஆகியவற்றை அருகிலிருந்து காட்டித்தர வேண்டும். அழுகை இவற்றுக்கெல்லாம் பிந்திய குறி. வீறிட்டு அழும் குழந்தையை முதலில் அமர்த்தாமல் மார்பில் பொருத்துவது கடினம். மார்பு கனக்கும்போது தாயே முந்திக்கொண்டு கொடுக்கலாம், குழந்தையைத் தேற்றவும் கொடுக்கலாம் என்பதும் இம்முறைக்குள் அடக்கம். தாயைக் குழந்தையின் ஏவலாளாக்கும் முறை என்ற குறை அதனால்தான் பொருந்தாது.

எந்த முறையானாலும் தீர்ப்புச் சொல்வது வளர்ச்சிதான். தொடக்க நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பத்து விழுக்காட்டை நெருங்கினால் உடனே ஆராய வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் நனைப்பும், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பாலூட்டலும் எதிர்பார்க்கத்தக்கவை. மாலையில் விடாமல் குடிப்பதை மட்டும் வைத்துப் பால் இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு 2006இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளையே அளவுகோலாக வைத்தது. அதில் ஒற்றைப் புள்ளியைவிடக் கோடு செல்லும் திசையே முக்கியம்.

எடை ஏறாதபோது பலர் முதலில் நேரத்தை மாற்றுகிறார்கள். பார்க்க வேண்டியது குழந்தை பற்றியிருக்கும் விதம். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, முகவாய் மார்பைத் தொட்டு, விழுங்கும் ஓசை கேட்க வேண்டும். தாய்க்கு வலி நீடித்தால் விடுவித்து மீண்டும் பொருத்த வேண்டும். அப்போதும் விழுங்கும் ஓசை கேட்காவிட்டால், பாலைப் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.