மழைக்காலத்தில் தாமான் நெகாரா: அம்மாவோடு மூன்று நாள்

டிசம்பரில் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா காட்டுக்குப் போகிறோம் என்றதும் எங்கள் ஊர் பஹாவில் தெரிந்தவர்கள் எல்லாரும் "இந்த மழையிலா?" என்றுதான் கேட்டார்கள். போய், மூன்று நாள் இருந்து, நனைந்து, அட்டைக்கடியும் வாங்கி வந்தபின் சொல்கிறேன்: காட்டைக் கூட்டமில்லாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்காலத்தில்தான் போக வேண்டும். தொங்குபாலம், படகு, குகை எல்லாவற்றையும் முடித்துவிட்டு வர வேண்டும் என்பவர்கள் மார்ச்சுக்கு மேல் போங்கள்.

என்னோடு வந்தவர் அம்மா. வயது அறுபத்தெட்டு. பஹாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். எங்கள் வீட்டில் மழை என்றால் சந்தோஷமே கிடையாது, ஏனென்றால் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரத்தோடு வழிந்து போகும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் நிற்கும், அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்த்துப் பால் குறைகிற மாதங்களும் இப்படித்தான். இன்றைக்கும் விடியற்காலையில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவரை மழை பார்க்கக் கூட்டிப்போனேன்.

பஹாவிலிருந்து திரியாங், மெந்தகாப், தெமர்லோ வழியாக ஜெராண்டுட், அங்கிருந்து கோலா தாஹான். கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றில் ஏறிப் போகும் வழி பேர்போனது, இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் இந்தப் பருவத்தில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், காரிலேயே போய்விடுங்கள். ஜெராண்டுட் தாண்டிய பிறகு பெரும்பாலும் செம்பனைத் தோட்டம்தான். "நம்ம ஊரு மாதிரியே இருக்கே பாப்பா, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் அம்மா. கோலா தாஹானில் இறங்கி ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. இந்தக் கரையில் கடையும் காரும் மனுசர்களும், எதிர்க்கரையில் சுவர் மாதிரி காடு, நடுவில் தேத்தாரே என்கிற பால்தேநீர் நிறத்தில் தெம்பெலிங் ஆறு. அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நிரையே இல்லை" என்றார். தோட்டத்தில் மரங்களை வரிசை வரிசையாக, நிரை பிடித்தே வாழ்ந்தவருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

நாங்கள் போனபோது உள்ளே போக பர்மிட் ஆளுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), கேமராவுக்கு 5 வெள்ளி. ஆற்றைக் கடக்க சின்னப் படகு. இவ்வளவு மலிவாக 4,343 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள் நுழையலாம் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியவில்லை, கேமரன் மலைக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் விரிந்து கிடக்கும் இந்தக் காட்டுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகுதான் தாமான் நெகாரா ஆனது.

சரி, குறைகள். எங்கள் பக்கத்து முகவர் ஒருவரிடம் முன்பணம் கட்டி பேக்கேஜ் எடுத்திருந்தேன். அதில் கெனோப்பி வாக் என்கிற தொங்குபாலமும் உண்டு. நாங்கள் போன நாளில் காற்றும் மழையும், பாலத்தை மூடிவிட்டார்கள். அதில் தவறே இல்லை, மரத்தின் உயரத்தில் கயிற்றில் தொங்கும் பாலத்தில் புயல்மழையில் யாரை ஏற்றுவது? ஆனால் மழை பெய்தால் மூடுவார்கள் என்று முகவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பணமும் திரும்பவில்லை. மழைக்காலத்தில் பேக்கேஜ் வாங்கவே வாங்காதீர்கள். அங்கே போய் வானத்தைப் பார்த்து, அன்றன்றைக்கு முடிவு செய்து, நேரில் பணம் கொடுங்கள். தங்கிய அறையும் சுமார்தான்: வாடகை பேசிக் குறைக்க முடிந்தது, ஆனால் போர்வை ஈரவாடை, சுவரில் பூஞ்சை. வீட்டிலிருந்து இரண்டு கைலி, ஒரு போர்வை எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு மிதவைக் கடைகள். சில மூடியிருந்தன, திறந்திருந்ததில் நன்றாகவே கவனித்தார்கள். அம்மா கார்த்திகை மாதம் சைவம். சைவம் என்று மட்டும் சொன்னால் கோழியை எடுத்துவிட்டு மீதியை அப்படியே போடுவார்கள், பெலாச்சான் (இறால் விழுது) வேண்டாம், ஈக்கான் பிலிஸ் (நெத்திலி) வேண்டாம், முட்டை வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். சொன்னோம், சுடச்சுட கங்கோங் கீரை வந்தது.

இனி காடு. பலகை நடைபாதையில்தான் போனோம். புக்கிட் தெரேசெக் குன்றில் ஏறவில்லை, ஈரப் படிகள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. பலகையிலும் பாசி, ரப்பர் காலணி போட்டும் வழுக்கியது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நான் திரும்பப் போவேன். மழை வந்தது காதில் கேட்டது, தலைக்கு வெகு மேலே சோவென்று ஒரு இரைச்சல், ஆனால் எங்கள் மேல் ஒரு துளி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இலைக்கு இலை இறங்கிக் கீழே வந்து சேர்ந்தது. அப்புறம் மேலே நின்றுவிட்டது, கீழே மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா மழைக்கோட்டின் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு துவாலாங் மரத்தடியில் வழிகாட்டி "மாக்சிக் (அத்தை), தொட்டுப் பாருங்கள்" என்றார். அம்மா தொட்டது பால்வெட்டுக்காரி தொடுவது மாதிரி, கட்டைவிரலால் பட்டையை அழுத்தி. "கத்தியே படாத பட்டை" என்று என்னிடம் சொன்னார்.

இரவில் வழிகாட்டியோடு நடந்தபோது விளக்கை அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழகியதும் மக்கிய இலைகளுக்கு நடுவே மங்கலான பச்சை வெளிச்சம். காளான். ஈரம் இருந்தால்தான் இப்படி ஒளிரும் என்றார். பும்புன் என்கிற மறைவுக் குடிலில் உட்கார்ந்து மிருகங்கள் உப்பு நக்க வரும் உப்புக்கசிவுப் பக்கம் பார்த்ததில் ஒரு மான் மட்டும் கிடைத்தது. யானை, புலி பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள்.

அட்டைக்கு நீளக் காலுறையும், புகையிலை ஊறவைத்த தண்ணீரும். தோட்டத்து வைத்தியம்தான், அம்மாவுக்கு ஒன்றுகூட ஏறவில்லை. அவர் பேச்சைக் கேட்காத எனக்கு நான்கு.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். இந்த மாதங்களில் தென் சீனக் கடலிலிருந்து வரும் காற்று மலைகளில் மழையைக் கொட்டும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஆறு ஏறும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் சுற்றுலாப் பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டு, மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. கிளம்புமுன் அங்கே போன் போட்டு ஆற்று நிலவரம் கேளுங்கள், ஒரு நாள் லீவு கூடுதலாகக் கையில் வையுங்கள். மூன்றாம் நாள் காலை படகுத்துறையில் முந்தின நாள் நாங்கள் இறங்கிய படிகளில் மூன்று தண்ணீருக்குள் இருந்தன. படகுக்காரர் மத்தியானத்துக்குள் கிளம்பிவிடச் சொன்னார், கிளம்பிவிட்டோம். லாத்தா பெர்கோ அருவி பார்க்காமலே திரும்பினோம். அதற்காக ஏப்ரலில் போகலாமா என்று கேட்டேன், கூட்டமாக இருக்குமே, மழையிலேயே போகலாம் என்கிறார் அம்மா.