பேரெண்களின் பண்புகளைக் கூறும் இணையக் கருவி: ஒரு மதிப்புரை

ஒரு முழு எண்ணை உள்ளிட்டால் அதன் பகாக் காரணிகள், வகுத்திகளின் எண்ணிக்கை, அவற்றின் கூடுதல், இரும வடிவம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தரும் இணையக் கருவி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய கருவி எதுவானாலும் நான் முதலில் கொடுத்துப் பார்க்கும் எண் 9007199254740993. இது 2-இன் 53-ஆம் அடுக்கைவிட ஒன்று கூடுதல். எண்களை மிதவைப் புள்ளி வடிவில் (குறிப்பிட்ட அளவு இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் முறையில்) வாங்கிக்கொள்ளும் கணிப்பான்களில் இதன் கடைசி இலக்கம் ஓசையின்றி 2 ஆகிவிடும். ஒற்றை எண்ணைக் கொடுத்தவருக்கு இரட்டை எண்ணின் பண்புகள் வந்து சேரும். முன்பு நான் நம்பியிருந்த கருவி இங்கேயே சறுக்கியது. இது சறுக்கவில்லை: 3, 107, 28059810762433 ஆகிய மூன்று பகாக் காரணிகளையும் எட்டு வகுத்திகளையும் சரியாகக் காட்டியது.

அடுத்து, 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 147573952589676412927. இது பகு எண் என்பதை பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876-இலேயே நிறுவிவிட்டார். ஆனால் காரணிகள் கிடைக்க, 1903-இல் கோல் என்னும் கணித அறிஞர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கண்ட 193707721, 761838257287 என்னும் இரண்டையும் கருவி நொடிப்பொழுதில் தந்துவிட்டது.

குறை இருப்பது 'விரைவுச் சோதனை' என்னும் பொத்தானில். அதில் 4294967297-ஐக் கொடுத்தேன். 'பகா எண்' என்று விடை வந்தது. 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் அப்படித்தான் கருதினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். பிழையின் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஓர் ஒற்றைப் பகா எண்ணில் ஒன்று குறைத்து, 2-ஐ அத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1; ஆனால் சில பகு எண்களும் இதில் தேறிவிடும். இந்தச் சோதனையை 2-ஐ அடிமானமாகக் கொண்டு மட்டும் செய்திருக்கிறார்கள். இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது என்பதால், 2-இன் 64-ஆம் அடுக்கை இதனால் வகுத்தால் மீதி 1. எண்ணில் ஒன்று குறைத்தால் கிடைக்கும் 4294967296-ஓ 64-இன் மடங்கு. ஆகவே 2-இன் 4294967296-ஆம் அடுக்குக்கும் மீதி 1-தான், சோதனையும் ஏமாந்துவிடுகிறது. அடிமானம் 3-ஐயும் சேர்த்துச் சோதித்திருந்தால் இந்தப் போலிப் பகா எண் அகப்பட்டிருக்கும். 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றாவது விடையை அமைத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். நிறுவப்படாததை நிறுவப்பட்டதுபோல் அறிவிப்பதே உறுத்துகிறது. முழுச் சோதனையில் இதே எண்ணுக்குச் சரியான விடை வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணின் 'அதிர்ஷ்ட நிறம்' கூறும் பகுதியை ஏன் வைத்தார்கள் என்று தெரியவில்லை. கருவி தானே காற்புள்ளியிட்டுக் காட்டும் எண்ணை நகலெடுத்து மீண்டும் ஒட்டினால், காற்புள்ளிகளை ஏற்க மறுக்கிறது என்பது சிறு தொல்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். விரைவுச் சோதனையைத் திருத்தினால் நாலரை.