பைடிபி-11 கிட்: 64 கேபிக்குள் ஒரு நெட்வொர்க்

1975இல் வந்த பிடிபி-11/70 மினிகம்ப்யூட்டரின் முன்பலகையை, பத்துக்கு ஆறு அளவில் சுருக்கிச் செய்த கிட் இது. வடிவமைத்தவர் ஆஸ்கர் வெர்மியூலன். ரோஸும் கத்திரிப்பூவுமாகச் சுவிட்சுகள், வரிசையாகச் சிவப்பு விளக்குகள். உள்ளே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதில் சிம்ஹெச் மென்பொருள் பழைய மெஷினாக நடிக்கிறது. பையைத் தனியாக வாங்க வேண்டும், சால்டரிங்கும் நம் பொறுப்பு. எங்களைப் போல வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வேலைப்பாட்டில் விழுந்த டயோடு கண்ணில் படவே படாது.

காரைக்குடி பழைய சாமான் கடைகளில் கேட்பது போலவே வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் விலை கேட்கிறார்கள். விளக்குக்காக மட்டும் வாங்குவதென்றால் விலை அதிகம்தான். நான் நல்ல பொருள் என்று சொல்வது, அதில் ஓடும் 2.11பிஎஸ்டி என்ற பெர்க்லி யூனிக்ஸின் நெட்வொர்க்குக்காக.

இந்த மெஷினில் 4 எம்பி வரை நினைவகம் போடலாம். ஆனால் முகவரி 16 பிட். ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் பார்க்க முடிவது கட்டளைக்கு 64 கேபி, டேட்டாவுக்கு 64 கேபி, அவ்வளவுதான். யூனிக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கும் அதே கதி. இணையம் பேசும் மொழியான டிசிபி/ஐபி, பிஎஸ்டியில் 1983இல் 4.2 வெளியீட்டோடு வந்தது. அது வாக்ஸ் என்ற 32 பிட் மெஷினுக்காக எழுதியது. அதை இதற்குள் எப்படி அடைப்பது?

முதல் வழி ஓவர்லே. கல்யாணப் பந்தி மாதிரி, இடம் ஒன்றுதான், ஆட்கள் மாறி மாறி உட்கார வேண்டும். கெர்னலின் துண்டுகள் 8 கேபி ஜன்னலில் ஒவ்வொன்றாக வந்து போகும். ஒரு துண்டு 8192 பைட்டைத் தாண்டினால், கம்பைல் செய்யும் விதத்தைச் சொல்லும் மேக்ஃபைலைத் திறந்து எந்த ஃபைலை எந்தத் துண்டுக்கு மாற்றலாம் என்று நாமே கணக்குப் போட வேண்டும். சைஸ் கமாண்ட் ஒவ்வொரு துண்டின் அளவையும் காட்டும். புதிதாக ஒரு டிரைவர் சேர்த்துப் பாருங்கள், அன்று மத்தியானம் தூக்கம் கிடையாது.

அப்படியும் நெட்வொர்க் கெர்னலுக்குள் அடங்கவில்லை. பிடிபி-11/70க்குக் கெர்னல், சூப்பர்வைசர், யூசர் என்று மூன்று நிலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வெளி. யூனிக்ஸ் நடுவில் இருப்பதைத் தொடாமலே விட்டிருந்தது. 2.11இல் நெட்வொர்க் கோடு மொத்தமாக அங்கேதான் குடியிருக்கிறது. வட்டில் பார்த்தால் யூனிக்ஸ் என்ற ஃபைல் ஒன்று, நெட்நிக்ஸ் என்ற ஃபைல் இன்னொன்று. என்ன ஒரு மூளை!

இதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கிட்டின் பெருமை. பலகையில் யூசர், சூப்பர், கெர்னல் என்று மூன்று சின்ன விளக்குகள் இருக்கின்றன. நெட்வொர்க்கில் வேலை இல்லாதபோது நடுவிளக்கு சும்மா கிடக்கும். பக்கத்து லேப்டாப்பிலிருந்து பிங் அடித்தால், அதாவது 'இருக்கியா?' என்று கேட்டால், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சூப்பர் சிமிட்டுகிறது.

"ஐயா, இதுல என்ன கேம் இருக்கு?" என்றான் பேரன்.

"பிங் இருக்குப்பா."

அவன் போய்விட்டான்.

சிம்ஹெச்சில் எக்ஸ்யூ என்ற ஈதர்நெட் கார்டை இயக்கி, பையின் கம்பி இணைப்போடு சேர்க்க வேண்டும். வைஃபையில் நேரடியாக ஓடாது. எஸ்எஸ்ஹெச் கிடையாது, டெல்நெட்டும் எஃப்டிபியும்தான், இரண்டும் பாஸ்வேர்டை மறைக்காமலே அனுப்பும். அதனால் வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே திறந்து வைக்காதீர்கள்.

கிட்டுக்கு முன்னால் லேப்டாப்பிலேயே சிம்ஹெச் போட்டு 2.11ஐ ஓட்டிப் பாருங்கள், காசு செலவில்லை. நெட்நிக்ஸை ஒரு தடவையாவது கம்பைல் செய்யும் பொறுமை இருக்கிறதென்றால், சரி, ஆர்டர் போடுங்கள்.