பாளையங்கோட்டையில் ஹெச்.பி.வி. பரிசோதனை: 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல் போதாது

பாளையங்கோட்டையில் தனியார் ஆய்வகம் ஒன்று செய்து தரும் ஹெச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) டி.என்.ஏ. பரிசோதனையைப் பற்றிய மதிப்புரை இது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய உதவும் இந்தப் பரிசோதனையை என் மதினி அங்கே செய்துகொண்டார். உடன் சென்றவள் என்ற முறையில், அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கங்களிலிருந்து இதற்கென்றே பேருந்தேறி வரும் பெண்கள், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை அவசியம் கேட்க வேண்டும்: இந்தப் பரிசோதனை வைரஸ் இருக்கிறதா என்பதோடு நிற்குமா, எந்த வகை என்பதையும் பிரித்துச் சொல்லுமா?

மனித பாப்பிலோமா வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 ஆகிய வகைகள் பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குபவை. அவை கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுப்பவை அல்ல. அதிக ஆபத்துள்ளவை என்று ஆய்வகங்கள் தேடுபவை 14 வகைகள். அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகெங்கும் ஏற்படும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். இவ்விரண்டையும் 1983, 1984 ஆண்டுகளில் அடையாளம் கண்ட ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு தொடங்கிவைத்த பணிக்காகத்தான் அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 16 அல்லது 18 இருந்தால் வழக்கமாக நேரே கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். மற்ற வகைகள் என்றால் முதலில் கர்ப்பப்பை வாயின் செல்களை நுண்ணோக்கியில் ஆராயும் ஸ்மியர் சோதனையில் பார்த்து, அது சரியாக இருந்தால் ஓராண்டு கழித்து மறுபடியும் பரிசோதிப்பார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையே வகைதான் தீர்மானிக்கிறது.

இந்த வைரஸைச் சாதாரண ஆய்வக வளர்ப்பு முறைகளில் வளர்த்துப் பார்க்க இயலாது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவதும் இப்போது தொற்று இருக்கிறதா என்று அறிய உதவாது. எனவே கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களில் வைரஸின் மரபணுப் பொருளைத் தேடுவதே வழி. ஹைபிரிட் கேப்சர் என்ற பழைய முறை 13 வகைகளைக் கூட்டாகத் தேடி, அவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஊருக்குள் வேற்றாள் வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு, ஆள் யார் என்று சொல்லாமல் போவதைப் போன்றது அது. நான் குறிப்பிடும் ஆய்வகம் செய்வது, மரபணுப் பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறை. அது 16-ஐத் தனியாகவும், 18-ஐத் தனியாகவும், மீதி 12 வகைகளை ஒரே தொகுப்பாகவும் காட்டுகிறது.

மாதிரி எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளறையில், திரைக்குப் பின்னால், வயதில் மூத்த செவிலியர் ஒருவர் எடுத்தார். துடைப்பக் குச்சிகள் போல் மெல்லிய இழைகள் கொண்ட பிளாஸ்டிக் பிரஷ்ஷை வைத்து ஒரே திசையில் சில முறை சுழற்றி, அதைத் திரவம் நிரம்பிய சிறு குப்பியில் நன்றாக அலசி, மூடியை இறுக்கி, பெயரும் வயதும் தேதியும் எழுதிய லேபிளை மதினியின் கண்ணெதிரே ஒட்டி, "சரியா இருக்கான்னு வாசிச்சுப் பாருங்கம்மா" என்று காட்டினார். மாதிரி மாறிவிட்டால் அதற்குப் பின் எத்தனை உயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை என்பதால், இந்த ஒரு செயலுக்காகவே அவரை மனமாரப் பாராட்டுகிறேன். பரிசோதனை அங்கேயே நடப்பதில்லை. குப்பி சென்னையிலுள்ள தலைமை ஆய்வகத்துக்குப் போகிறது. அந்தத் திரவத்தில் செல்கள் அறை வெப்பத்திலேயே பல வாரங்கள் கெடாமல் இருக்கும் என்பதால், சென்னைக்குப் போய்ச் சேரும் நாட்களை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

முன்கூடத்தில் நடந்ததுதான் வருத்தம் தந்தது. காத்திருந்த ஆண்களும் பெண்களும் கேட்க, "கர்ப்பப்பை டெஸ்டுக்கு வந்தது யாரும்மா?" என்று கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தார்கள். மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. டோக்கன் எண்ணைச் சொல்லி அழைப்பதற்குக் காசு பணம் எதுவும் செலவாகாது. ரிப்போர்ட்டை அனுப்பக் கணவரின் கைபேசி எண்ணைக் கேட்டார்கள்; மதினி தன் எண்ணைத்தான் கொடுப்பேன் என்று இரண்டாம் முறை சொன்ன பிறகே எழுதிக்கொண்டார்கள். உடலுறவின் வழி பரவும் தொற்று இது. முடிவு யார் கைக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட் சொன்ன நாளிலேயே வந்தது. 16 இல்லை, 18 இல்லை, பிற 12 வகைகளில் ஏதோ ஒன்று உண்டு என்றிருந்தது. அதற்குக் கீழே 'உள்கட்டுப்பாடு செல்லுபடியாகும்' என்ற பொருளில் ஒரு வரி. குப்பியில் மனிதச் செல்கள் போதுமான அளவு இருந்தனவா என்பதை மனித மரபணு ஒன்றைத் தேடிச் சரிபார்க்கும் வரி அது. அது இல்லாமல் வரும் 'நெகட்டிவ்' முடிவை நான் நம்ப மாட்டேன். "ஏளா, அப்போ எனக்குப் புத்துநோயா?" என்று மதினி கேட்டார். இல்லை. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலால் தாமாகவே மறைந்துவிடுகின்றன. இதை ஆய்வகத்தார் தமிழில் நாலு வரியாக அச்சிட்டு ரிப்போர்ட்டோடு கொடுத்திருக்க வேண்டும். முழுவதும் ஆங்கிலத்தில் கொடுத்து, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதே குப்பியில் மிஞ்சிய திரவத்திலேயே ஸ்மியரும் பார்த்துக் கொடுத்தது மட்டும் பெரிய உதவி. இன்னொரு முறை மாதிரி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கட்டணம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று. பீடி சுற்றும் பெண்ணுக்கு அது பெரிய தொகை. அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவி, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் இலவசப் பரிசோதனையையாவது விடாமல் செய்துகொள்ள வேண்டும். அந்த எளிய முறையும் உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதை நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வே 2007-இல் காட்டியது. எனினும் 2009-இல் வெளியான மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த ஹெச்.பி.வி. பரிசோதனை இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல், 30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு இதையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைக்கிறது. முடிந்தவர்கள் பணம் கட்டிச் செய்யலாம் என்பதே என் கருத்து.

ஒரு குறை மட்டும் மிச்சம். ஒரே வகை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுதான் ஆபத்து. 12 வகைகளைத் தொகுத்துச் சொல்லும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டும் 'உண்டு' என்று வந்தால், அது பழைய தொற்றா புதியதா என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு வகையையும் தனித்தனியே பிரித்துச் சொல்லும் விரிவான பரிசோதனையை மீதமுள்ள திரவத்தில் செய்ய இயலுமா என்று கேட்டோம். தனிக் கட்டணத்தில் இயலும், ஆனால் குப்பியை அப்புறப்படுத்துவதற்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இப்படி ஒரு வசதி இருப்பதைக் கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. பாசிட்டிவ் என்று வந்த அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.