கோபாலபுரம் ரக்பி முகாம்: பயிற்சி தேறும், செலக்‌ஷன் தேறாது

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு செம்மண் கிரவுண்டு. சனி, ஞாயிறு காலை 6.15க்கு விசில் அடித்து 8 மணிக்கு முடிக்கும் சிறுவர் ரக்பி முகாம் இங்கே நடக்கிறது. 7 வயது முதல் 17 வரை மூன்று பேட்ச். மாதம் 1,200 ரூபாய். பந்தும் டேக் பெல்ட்டும் அவர்கள் தருவார்கள், ஷூவும் மவுத்கார்டும் நாம் வாங்க வேண்டும். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் "ஆஸ்திரேலிய முறையில் பயிற்சி, தேர்வு" என்று போட்டிருக்கிறார்கள். அவர்களே இழுத்துவிட்ட பெயர் என்பதால் அந்தப் படியை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம். முகாமின் பெயர் இங்கே வேண்டாம். குறைகள் எல்லாம் மனசு வைத்தால் திருத்தக்கூடியவைதான்.

பந்திலேயே சறுக்கல். ரக்பி பந்து வயசுக்கு ஏற்ற சைஸில் வரும்: 9 வயது வரை சைஸ் 3, 10 முதல் 14 வரை சைஸ் 4, அதற்கு மேல் சைஸ் 5. இங்கே இருக்கும் 14 பந்தில் பத்து சைஸ் 5, மீதி நான்கும் சைஸ் 4. சைஸ் 3 ஒன்றுகூட இல்லை. சைஸ் 5 என்பது 28 முதல் 30 செ.மீ. நீளம், 410 முதல் 460 கிராம் எடை. எட்டு வயதுப் பிள்ளையின் விரல் அதில் பாதிகூடச் சுற்றாது. அதனால் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறது. பாஸ் பண்ணச் சொன்னால் மணிக்கட்டால் சுழற்றாமல் குண்டு எறிவதுபோல நெஞ்சிலிருந்து தள்ளுகிறது. இரண்டு மாதம் இப்படிப் பழகினால் போதும், பிறகு அந்தக் கையை மாற்றுவது பெரும்பாடு. காற்றழுத்தமும் சரியில்லை. விதிப்படி 9.5 முதல் 10 பிஎஸ்ஐ. இங்கே சைக்கிள் பம்பில் கல் மாதிரி ஆகும்வரை அடிக்கிறார்கள், கேஜ் கிடையாது. பந்தின் மேலுள்ள சின்னச் சின்னக் குமிழ்களின் இடுக்கில் செம்மண் அப்பிக்கொண்டால் பிடிப்பே போய்விடும். வாரம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் தீரும் வேலை, யாரும் செய்வதில்லை.

சின்ன பேட்ச்சுக்கு டேக் மட்டும்தான், டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பது, கிடையாது. இது சரியான முடிவு. ஆஸ்திரேலியாவிலும் பொடிசுகள் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவும் ஆட்டத்தில்தான் ஆரம்பிப்பார்கள். குறைந்த ஆள், சின்ன கிரவுண்டு. வயசு ஏற ஏற ஆளும் இடமும் கூடி, கடைசியில் 15 பேர் ஆட்டத்துக்கு வந்து சேரும். பனியனை டவுசருக்குள் சொருகச் சொல்லாததுதான் இங்கே ஒரே கோளாறு. பட்டையைப் பனியன் மறைத்துவிடுகிறது, உருவப் போன பிள்ளை துணியைப் பிடித்து இழுக்கிறது, அங்கேயே தினமும் இரண்டு சண்டை.

இந்த முகாமுக்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்ல வைப்பது நடு பேட்ச்சின் டேக்கிள் வகுப்பு. மஞ்சி மில்லிலிருந்து தேங்காய் நார்த்தூள் கொண்டுவந்து ஓர் ஓரத்தில் அரை அடி ஆழத்துக்குப் பரப்பியிருக்கிறார்கள். முதலில் இரண்டு பிள்ளைகளும் முட்டி போட்டு, எதிரெதிரே. அடுத்த வாரம் பிடிப்பவன் முட்டியில், பந்துக்காரன் நடையில். பிறகு பிடிப்பவன் குத்த வைத்து. அதன்பின் இருவரும் நின்று, நடந்து. ஓட்டத்தில் பிடிப்பது கடைசியில்தான். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வாரம், அவசரமே இல்லை. கோச் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்றே விஷயம்: பக்கத்துக் கால் எதிராளியின் காலுக்கு அருகே ஊன்றியிருக்கிறதா, தலை அவனுடைய பிட்டத்துக்குப் பின்பக்கமாகப் போகிறதா, கை இரண்டும் சுற்றி இறுகுகிறதா. தப்பு நடப்பது எப்போதும் முதலாவதில்தான். கால் எட்டாத தூரத்திலிருந்து பாய்ந்தால் தலை தானாக முன்பக்கம் போய் ஓடுகிறவன் முட்டியில் மோதும். கண்ணை மூடினாலும் இதே கதி. அதனால் பாய்கிற பிள்ளையைத் திட்டாமல், மறுபடி ஒரு படி கீழே இறக்கி நடையில் பிடிக்க வைக்கிறார். நல்ல வாத்தியார் வேலை.

கிரவுண்டில் இரண்டு மொழியும் கலந்து ஓடும். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு "கீழ, கீழ" என்று கத்தினால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வருகிறவனுக்கு "தாழெ, தாழெ". கபடி ஆடிவிட்டு வருகிற பசங்களுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும், கோச் அதைப் புரிந்து வைத்திருக்கிறார். தாழ்ந்து தொடையைக் கவ்வுவதை அவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் கபடியில் பிடித்தால் மூச்சு போகும்வரை விடக்கூடாது. ரக்பியில் ஆளைச் சாய்த்ததும் உடனே கையை எடுத்து, உருண்டு விலக வேண்டும். இல்லையென்றால் பெனால்டி. ஆகவே "விடாதே" என்று கத்திய மறுநொடி "விடு, விடு" என்று கத்த வேண்டியிருக்கிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், விஷயம் அதுதான். நார்த்தூளில் ஒரு சங்கடம்: காய்ந்தால் புழுதி கிளம்பி இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது, மழையில் ஊறினால் வழுக்கும். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டால் பதமாக இருக்கும்.

பெரிய பேட்ச்சில் இந்தக் கவனம் கரைந்துவிடுகிறது. "கழுத்துக்குக் கீழ எங்க வேணாலும் பிடி" என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 பிப்ரவரி முதல் கிளப், பள்ளி அளவிலான ஆட்டங்களில் மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று உயரத்தை இறக்கிப் பரீட்சை நடத்தினார்கள். காரணம் தலையோடு தலை மோதுவது. அந்த ஊர் முறை என்று நோட்டீஸ் அடித்தவர்கள் இதைக் கண்டுகொள்ளாதது ஆச்சரியம். எட்டுக்கு எட்டு பேர் தோள் கோத்து நின்று ஸ்க்ரம் தள்ளுவதற்கு அரை மணி நேரம் போகிறது, அதுவும் வீண். 19 வயதுக்கு உட்பட்ட ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே விதி விடாது. நம் நாட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடப்போவதோ 7 பேர் ஆட்டம், அதில் ஸ்க்ரமுக்குப் பக்கத்துக்கு மூன்று பேர்தான். 2025இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கும், சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியதே அது, 7 பேர் ஆட்டம்தான்.

மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. தலையில் அடிபட்டு மயங்கினாற்போல நின்ற பையனுக்கு முகத்தில் தண்ணீர் அடித்து, குளுக்கோஸ் கொடுத்து, பத்து நிமிஷத்தில் மறுபடி ஆட்டத்தில் இறக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரெஃப்ரி நீல அட்டை காட்டினால் அவன் அன்றைக்கு வெளியே, பேச்சே இல்லை. 2024இல் அந்நாட்டு விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கிளப் அளவிலும் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, போட்டிக்குக் குறைந்தது 21 நாள். தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுவது, கேட்டதையே மறுபடி கேட்பது, வழக்கத்துக்கு மாறான தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் நேராக டாக்டரிடம் போக வேண்டும். அங்கே ஸ்மார்ட் ரக்பி என்ற பாதுகாப்புப் பாடத்தை முடிக்காமல் யாரும் கோச்சாக நிற்க முடியாது. இங்கே அது இல்லாவிட்டாலும், வேர்ல்ட் ரக்பி இணையத்தில் இலவசமாகவே தலைக்காயப் பாடம் வைத்திருக்கிறது. முடித்த சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கோபப்பட்டால் இடத்தை மாற்றுங்கள்.

இனி செலக்‌ஷன். மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாயில் 'எலைட் பேட்ச்' என்று ஒன்றை நடத்துகிறார்கள், 10 வயதிலிருந்தே. அதற்கான தேர்வு ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 46 பிள்ளைகள், பத்துப் பத்து நிமிஷ ஆட்டங்கள், கையில் நோட்டோடு ஒரே ஒருவர். முதுகில் நம்பர் கிடையாது, "சிவப்பு பனியன் நல்லா ஓடுறான்" என்று எழுதினால் எந்தச் சிவப்பு? அதைவிடப் பெரிய கூத்து காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரவுண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. பத்து நிமிஷ ஆட்டத்தில் பக்கம் மாற்றவே இல்லை. காற்றுக்கு எதிரே நின்ற அணியின் உதையெல்லாம் திரும்பி வந்து விழுந்தது, பாஸ் எல்லாம் தடம் மாறியது. அந்தப் பக்கத்தில் நின்றதே அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு.

தேர்வானவர்களை வரிசையில் நிறுத்தினால் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம். 12, 13 வயதில் அது திறமைக்கு அடையாளம் இல்லை. வயசை வருஷக் கணக்கில் வெட்டும்போது ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள், இடையே ஏறத்தாழ 12 மாதம். பருவ வளர்ச்சி ஒருவனுக்கு 11இல் தொடங்கும், இன்னொருவனுக்கு 14இல். இப்போது ஆளைத் தள்ளிவிட்டு ஓடுகிறவன், எல்லாரும் வளர்ந்த பிறகு தள்ள ஆளில்லாமல் தடுமாறுவான். பாஸும் கால் மாற்றி ஓடுவதும் அவன் கற்றிருக்க மாட்டான். இதற்காகவே ஆஸ்திரேலியாவில் வயசுக்கான உயர, எடை வரம்பை விட்டு விலகி நிற்கும் பிள்ளையைத் தனியாகப் பார்த்து, ஆட்டத் தேர்ச்சியையும் கணக்கில் எடுத்து, ஒரு பிரிவு மேலேயோ கீழேயோ ஆட விடுகிறார்கள். இந்த முகாமில் உயரம் அளக்க ஒரு டேப்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் எழுதி வைத்தால் யார் கிடுகிடுவென்று வளர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் முழங்காலுக்குக் கீழே முண்டு தட்டி வலிக்கும் பிள்ளைக்கு ஓட்டத்தைக் குறைக்கவும் அது உதவும்.

ஆஸ்திரேலியப் பாதை என்றால் ஒரே ஏணி என்று நோட்டீஸ் காட்டுகிறது. அது ஏணி இல்லை, பல வாசல். பள்ளி வழி ஒன்று: சிட்னி, பிரிஸ்பேன் தனியார் பள்ளிகள் தங்களுக்குள் ஆடும் ஜிபிஎஸ் என்ற போட்டிகள், அங்கிருந்து மாநிலப் பள்ளி அணி, பிறகு ஆஸ்திரேலியப் பள்ளிகள் அணி. கிளப் வழி இன்னொன்று: ஊர்க் கிளப், மாவட்ட அணி, பிறகு வாராடாஸ், ரெட்ஸ், பிரம்பீஸ், ஃபோர்ஸ் ஆகிய நான்கு சூப்பர் ரக்பி (தொழில்முறை லீக்) அணிகளின் 16, 19 வயதுப் பிரிவுகள், அதற்கும் மேலே 20 வயதுக்கு உட்பட்ட ஜூனியர் வாலபீஸ். 16இல் கழற்றிவிடப்பட்டவனுக்கும் கதவு மூடுவதில்லை. சிட்னியில் ஷூட் ஷீல்டு என்ற கிளப் போட்டியில் ஆடும் கிளப்புகளின் கோல்ட்ஸ் என்ற இளைஞர் அணியில் ஆடி, முதல் அணிக்கு ஏறி, அங்கிருந்து மேலே போகலாம். பணக்காரப் பள்ளிகள் உதவித்தொகை கொடுத்து நல்ல பையன்களை அள்ளிக்கொள்கின்றன என்ற புகார் அங்கேயும் பழசு. ஆனாலும் 1977-78இல் தோற்காமல் சுற்றுப்பயணம் முடித்த ஆஸ்திரேலியப் பள்ளிகள் அணியில் இருந்த மார்க், க்ளென், கேரி என்ற 'எல்லா' குடும்பத்துச் சகோதரர்கள் மூவரும் மேட்ராவில் என்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகள்.

அங்கே சின்ன வயதில் பொறுக்கி எடுக்கும் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஆட்டத்துக்குப் போட்டியாக நிற்கும் ரக்பி லீக் என்ற வேறோர் ஆட்டத்தின் கிளப்புகள் பள்ளி வயதிலேயே பையன்களை ஒப்பந்தம் போட்டுக் கொத்திக்கொண்டு போகும். ஜோசப் சுவாலி அப்படி லீக்குக்குப் போய், 2024 நவம்பரில்தான் வாலபீஸ், அதாவது ஆஸ்திரேலியத் தேசிய அணியின், சட்டை போட்டார். கோபாலபுரத்தில் நம் பிள்ளையைக் கொத்திக்கொண்டு போக எந்தப் பருந்து வட்டமிடுகிறது? 10 வயதில் எலைட் என்று பிரிப்பதற்கு இங்கே ஒரு முகாந்திரமும் இல்லை, அந்த 6,000 ரூபாயைத் தவிர.

காகித விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லையில் வீடு ஒரு மாநிலம், பள்ளி ஒரு மாநிலம் என்பது சாதாரணம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பள்ளி எந்த மாநிலமோ அந்த அணிதான். சங்கம் நடத்தும் போட்டிக்கு எந்த மாநிலம் என்பதை முகாமில் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதி வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதி சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்க்கும் வசதிக்காக மே மாசத்தில் பிறக்க வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, செலக்‌ஷன் அன்று அது காலை வாரும்.

7 முதல் 13 வயதுக்குச் சாதாரண பேட்ச்சில் தாராளமாகச் சேர்க்கலாம், 9 வயது வரையுள்ள பிள்ளை என்றால் சைஸ் 3 பந்து ஒன்றை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். மவுத்கார்டு வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகை போதும். பால்பல் விழுகிற வயதில் அச்சு சீக்கிரம் பொருந்தாமல் போகும், வெயிலில் காருக்குள் விட்டால் நெளிந்துவிடும். பெரிய பேட்ச்சுக்குத் தலைக்காய விஷயம் திருந்தும்வரை அனுப்ப வேண்டாம். எலைட் பேட்ச் எந்த வயதுக்கும் வேண்டாம். அடுத்த செலக்‌ஷனையாவது புரட்டாசிக்குத் தள்ளி, காலாண்டு லீவில் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை வைக்கச் சொல்லுங்கள் என்று எழுதலாம் என்றால், லீவே பத்து நாள்தான். ஒன்றை லீவிலும் மற்றொன்றை தீபாவளியை ஒட்டியும் வைக்கட்டும். காற்று அதற்குள் அடங்கியிருக்கும். முதுகில் நம்பர், பாதி நேரத்தில் பக்கம் மாற்றுவது, தனித்தனியாக மார்க் போடும் இரண்டு பேர், இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஒரு மார்க்கர் பேனா.