தொப்பூர் இறக்கம்: கால் பிரேக்கா, கியரா?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் லாரிகள் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். 30 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அதன் நிலையாற்றல் சுமார் 29 மெகாஜூல் குறையும். 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது. வேகம் கூடக் கூடாது என்றால் அவ்வளவும் எங்காவது வெப்பமாகப் போக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பெரும்பகுதி சக்கரத்தோடு சுழலும் டிரம்மிலும் அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கிலும் சேரும். சூடேறிய லைனிங்கின் உராய்வுக் கெழு, அதாவது பிடிமானம், குறையும். டிரம்மும் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

குறைந்த கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பிஸ்டன்கள் காற்றை அழுத்தித் தள்ளுவதிலும் உராய்விலும் ஆற்றல் செலவாகி, ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பம் வெளியேறும். புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சின் சுழற்சியை மட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதியில் மாற்றப்போய் கியர் விழாவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த எஞ்சின் இருக்காது.

சரி, கால் பிரேக் எதற்கு? 30 கி.மீ. வேகத்தில் வரும் அதே லாரியின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1 மெகாஜூல்தான். அதைச் சட்டென்று நிறுத்தக் கால் பிரேக் தாராளமாகப் போதும். நீண்ட இறக்கத்துக்கு என் ஓட்டு கியருக்கே.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எரியும்.