“சர்வீஸ் செய்தது” என்று விற்கப்படும் பழைய மைக்ரோ லென்ஸ்: கொழும்பில் வாங்குவோர் கவனத்திற்கு

சிறிய பொருட்களை மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் நிக்கோனின் பழைய மைக்ரோ-நிக்கோர் 55 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைத் தேடும் நண்பர்கள், “முழுதாகச் சர்வீஸ் செய்தது” என்ற வாய்ச்சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். புறக்கோட்டையில் பாவித்த கமராக்கள் விற்கும் கடையொன்றில் அந்த உறுதியின் பேரிலேயே நான் அதை வாங்கினேன். கண்ணாடியில் பூஞ்சணம் இருக்கவில்லை. ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் தகடுகளும் உலர்ந்து சுத்தமாகவே இருந்தன.

சில வாரங்களின் பின் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் ஊசித்தும்பிகளை துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி எடுத்தபோது, ஒரு படம் சரியாகவும் அடுத்தது வெளிறியும் வந்தது. கழற்றிப் பார்த்தால் தகடுகளில் எண்ணெய் படர்ந்திருந்தது.

இந்த லென்ஸில் இது பலரும் அறிந்த கோளாறு. ஃபோகஸ் வளையத்தின் புரிகளில் இட்ட கிரீஸ் காலப்போக்கில் பிரிந்து, அதன் எண்ணெய் தகடுகளுக்கு ஊர்ந்துவிடுகிறது. ஒட்டிக்கொண்ட தகடுகள் ஷட்டர் திறப்பதற்குள் சுருங்கி முடிக்காததால், வேண்டியதைவிட அதிக ஒளி உள்ளே போகிறது. சர்வீஸ் என்றால் லென்ஸைப் பிரித்துப் பழைய கிரீஸைக் கழுவிப் புதியது இட வேண்டும். தகடுகளை மட்டும் துடைத்தால் விற்று முடியும் வரை தாங்கும், கொழும்பு வெக்கையில் அதற்கு மேல் தாங்காது. வேறொரு திருத்துநர் திறந்து காட்டியபோது, பழைய கிரீஸ் மஞ்சளித்துப் புரிகளில் அப்படியே கிடந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோனதற்கு, “பழைய சாமானுக்கு கரண்டி இல்லை, தம்பி” என்றார். நான் கேட்டது உத்தரவாதத்தை அல்ல. சர்வீஸ் செய்தவர் யார், என்ன செய்தார் என்பதைத்தான். அதற்குப் பதில் வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருள் அதன் நிஜ அளவிலேயே கமராவில் பதியும்படி படமெடுக்கலாம் என்று அவர் சொன்னதும் பொய்யே: இந்த லென்ஸ் தனியே பாதி அளவைத்தான் தரும், முழு அளவுக்கு லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டும் பிகே-13 வளையம் வேண்டும்.

வாங்கும்போது துவார அளவை மாற்றும் வளையத்தை எஃப் 16 இல் வைத்து, பின்புற நெம்பைத் தள்ளிப் பிடித்துப் பின் கையை எடுங்கள்; தகடுகள் சட்டென்று மூட வேண்டும். மிரர்லெஸ் கமராவில் அடப்டருடன் போட்டுக் காட்டினால் அதை ஏற்காதீர்கள், ஏனெனில் அங்கே தகடுகள் முன்னரே சுருங்கி நிற்பதால் தாமதம் தெரியாது. புதிதாகத் துடைத்த லென்ஸ் நெம்புச் சோதனையிலும் தேறிவிடும் என்பதால், தொடரிலக்கத்தையும் கிரீஸ் மாற்றிய விபரத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். எனது சீட்டில் “லென்ஸ் 1” என்று மட்டுமே இருக்கிறது. அதையும் திருத்துநர் எழுதித் தந்த குறிப்பையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிட்டிருக்கிறேன். இவ்வாறு ஏமாந்த வேறு எவரும் 1977 என்ற இலக்கத்தில் அவர்களை அழைக்கலாம்.